பழைய வீட்டின் டி.பி. பாக்ஸ்: வயதையும் கம்பெனியையும் எதை வைத்துச் சொல்வது?

முப்பது நாற்பது வருடப் பழைய வீட்டை வாங்கும்போது வில்லங்கம் பார்க்கிறோம், போர் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்க்கிறோம், தளத்தில் ஓதம் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிறோம். மின்சாரம் என்று வரும்போது மட்டும், வீட்டுக்குள் வரும் மின்சாரத்தைத் தனித்தனிச் சுற்றுகளாகப் பிரிக்கும் டி.பி. பாக்ஸின் கதவில் உள்ள பெயரைப் படித்துவிட்டு, ‘நல்ல கம்பெனிதான்’ என்று நகர்ந்துவிடுகிறோம். அந்தக் கதவு ஐந்து வருடத்துக்கு முன் மாட்டியதாக இருக்கலாம். அதன் பின்னால் சுவருக்குள் ஓடும் ஒயர் வீட்டோடு பிறந்ததாக இருக்கலாம்.

டி.பி. பாக்ஸுக்கு ஒரே வயது கிடையாது. தகரப் பெட்டி, உள்ளே நிற்கும் எம்.சி.பி.கள் (ஓட்டம் மிஞ்சினால் தானாக விழுந்து சுற்றைத் துண்டிக்கும் சுவிட்சுகள்), மெயினாக இருக்கும் ஐசோலேட்டர் (கையால் துண்டிக்கும் சுவிட்ச்) அல்லது ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானாக விழும் சுவிட்ச்), பெட்டிக்குள் வந்து சேரும் ஒயர், வெளியே இ.பி. மீட்டர் என ஐந்துக்கும் தனித்தனி வயது உண்டு. எந்த முடிவுக்காகப் பார்க்கிறீர்களோ அதைப் பொறுத்து எதன் வயது தேவை என்பது மாறும். பழுதான ஒரு எம்.சி.பி.யை மாற்றுவதற்குக் கம்பெனியும் மாடலும் தெரிந்தால் போதும். பெட்டியை வைத்துக்கொள்ளலாமா என்று முடிவு செய்ய, உள்ளே இருப்பவற்றின் வயது வேண்டும். இன்னொரு ஏ.சி., கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு போடலாமா என்றால் ஒயரின் வயது தெரியாமல் பதில் சொல்லவே கூடாது.

திறப்பதற்கு முன்

கதவைத் திறந்து, வெளியில் தெரிவதைப் படிப்பதும் போன் கேமராவில் படம் எடுப்பதும் யாரும் செய்யலாம். முன் தகட்டைக் கழற்றுவது உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனின் வேலை. மெயினை ஆஃப் செய்தாலும் மீட்டரிலிருந்து மெயினுக்கு வரும் முனைகளில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். தகட்டைக் கழற்றியவர் அடிபடுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். மீட்டரின் சீலும் அதன் பக்கத்தில் உள்ள இ.பி. கட்அவுட்டும் வாரியத்துக்குச் சொந்தமானவை. வயது பார்ப்பதற்காக அவற்றைத் தொட வேண்டிய தேவையே இல்லை.

பழைய பீங்கான் பியூஸ் கட்டைகள் இருந்தால் இன்னும் கவனம் தேவை. அந்தக் காலக் கட்டைகள் சிலவற்றில், கம்பி எரியும்போது தீப்பொறி வெளியே வராமலிருக்க அஸ்பெஸ்டாஸ் நூலோ தாளோ வைத்திருப்பார்கள். அதைச் சுரண்டவோ ஊதவோ வேண்டாம்.

கதவில் உள்ள பெயர்

இருப்பதிலேயே பலவீனமான தடயம் இதுதான். தகரப் பெட்டியை ஒரு கம்பெனியில் வாங்கி, எம்.சி.பி.யை வேறு கம்பெனியில் போடுவது இங்கே சாதாரணம். ஆனால் பெயருக்கு ஒரு பயன் உண்டு. கம்பெனிகள் கைமாறிய ஆண்டுகள் தெரிந்தால், ‘இதற்கு முன்’, ‘இதற்குப் பின்’ என்று எல்லை கட்டலாம்.

எல் அண்ட் டி நிறுவனம் தன் சுவிட்ச்கியர் தொழிலை 2020-இல் ஷ்னைடருக்கு விற்றது. அதே பொருள்கள் 2024-இல் லாரிட்ஸ் நட்சன் என்று பெயர் மாறின. எனவே லாரிட்ஸ் நட்சன் பெயர் இருந்தால் அது புதுச் சரக்கு. எம்.டி.எஸ். என்ற பெயர் மட்டும் தனியாக இருந்தால், 1996-இல் அது லெக்ராண்டின் கைக்குப் போவதற்கு முந்தைய காலத்தை முதலில் சந்தேகிக்கலாம். இரண்டு பெயரும் சேர்ந்திருந்தால் அதற்குப் பிந்தையது. ‘ஆங்கர் பை பானசோனிக்’ என்றிருந்தால் 2007-க்குப் பிறகு. இந்தோ ஏஷியன் சுவிட்ச்கியர் 2010-இல் லெக்ராண்டிடமும், சி அண்ட் எஸ் 2021-இல் சீமென்ஸிடமும் போயின. மெர்லின் ஜெரின் என்ற பழைய பெயரைப் பார்த்தால் உதிரிக்கு ஷ்னைடர் டீலரிடம் கேட்க வேண்டும்.

எச்சரிக்கை ஒன்று: கம்பெனி கைமாறிய மறுநாளே பழைய பெயர் கடையிலிருந்து மறைந்துவிடாது. புதுப் பெயர் ‘இதற்கு முன் இருக்க முடியாது’ என்று உறுதியாகச் சொல்லும். பழைய பெயர் அவ்வளவு உறுதியாக எதையும் சொல்லாது.

ஐ.எஸ்.ஐ. முத்திரை: இதை மட்டும் பார்க்க நேரம் இருந்தால்

ஒரே ஒரு தடயத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் இதைப் பாருங்கள். எம்.சி.பி.யின் முகப்பிலோ பக்கவாட்டிலோ ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கும். முத்திரைக்கு மேலே தர எண், கீழே ‘சி.எம்./எல்’ என்று தொடங்கும் உரிம எண். பலரும் முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். மேலும் கீழும் உள்ள எண்களில்தான் வயதும் கம்பெனியும் இருக்கின்றன.

மேலே உள்ள எண் வயதுக்கு. ‘ஐ.எஸ். 8828’ என்று இருந்தால் பழைய தலைமுறை எம்.சி.பி. அந்தத் தரம் 1978-இல் வந்தது, 1996-இல் திருத்தப்பட்டது. ‘ஐ.எஸ்./ஐ.இ.சி. 60898-1’ என்று இருந்தால் புதிய தலைமுறை. அதன் பின்னால் 2002 என்றோ 2015 என்றோ ஆண்டு இருந்தால், அந்தப் பொருள் அந்த ஆண்டுக்கு முன் தயாராகியிருக்க வழியில்லை. ஆர்.சி.சி.பி.க்கு ஐ.எஸ். 12640. அதன் முதல் பதிப்பு 1988. ‘பகுதி 1’ என்று சேர்ந்து வந்தால் 2000 அல்லது அதற்குப் பின். பீங்கான் பியூஸ் கட்டைகளின் தரம் ஐ.எஸ். 2086.

முகப்பில் உள்ள எழுத்தும் உதவும். சி16, பி10 என்று ஆம்பியருக்கு முன்னால் பி, சி, டி வந்தால் 1996 திருத்தத்துக்குப் பிந்தைய வழக்கம். எல், ஜி என்ற எழுத்துகள் பழைய வகைப்பாடு: எல் விளக்குச் சுற்றுக்கு, ஜி மோட்டார் போன்ற பொதுச் சுமைக்கு. ஜி எழுத்து எம்.சி.பி. ஒன்றாவது நிற்கிற பெட்டி என்றால், அதற்குள் இருபத்தைந்து வருடத்துக்கு மேலான சாமான் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

கீழே உள்ள உரிம எண் கம்பெனிக்கு. ஐ.எஸ்.ஐ. முத்திரை தரும் அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் உரிமத்தைச் சரிபார்க்கும் பகுதியில் அந்த எண்ணைப் போட்டால் யார் தயாரித்தது, தொழிற்சாலை எங்கே, உரிமம் நடப்பில் உள்ளதா என்று காட்டும். உரிமம் பிராண்டுக்கு அல்ல, தொழிற்சாலைக்குக் கொடுக்கப்படுவது. முகப்பில் ஒரு பெயர், உரிமத்தில் வேறு பெயர் வந்தால் பதறத் தேவையில்லை. ஒருவர் தயாரித்து இன்னொருவர் பெயரில் விற்பது உண்டு. ஆனால் முத்திரை இருந்து உரிம எண்ணே இல்லையென்றால், அல்லது எண்ணைப் போட்டால் எம்.சி.பி.க்குச் சம்பந்தமே இல்லாத பொருள் வந்தால், அது போலி. அந்த எம்.சி.பி.க்கு வயது கணக்கிட்டு ஆவதொன்றும் இல்லை; எடுத்துவிட வேண்டியதுதான். மிகப் பழைய எண்கள் செயலியில் கிடைக்காமல் போகலாம். அதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவு கட்டக் கூடாது.

எம்.சி.பி.க்கும் பி.வி.சி. ஒயருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கிய தரக் கட்டுப்பாட்டு ஆணை 2003-இல் வந்தது. முத்திரையே இல்லாத எம்.சி.பி. ஒன்று அதற்கு முந்தையது, இல்லையேல் கள்ளச் சரக்கு.

எம்.சி.பி.யின் விலா

எம்.சி.பி. ரயிலில் (பெட்டிக்குள் உள்ள உலோகப் பட்டையில்) மாட்டியிருக்கும்போது அதன் இரண்டு பக்கங்களும் மறைந்திருக்கும். தயாரிப்பு மாதம், பேட்ச் எண், சில சமயம் சர்க்யூட் படம் எல்லாம் அங்கேதான் இருக்கும். எலெக்ட்ரீஷியன் சப்ளையைத் துண்டித்து, டெஸ்டரால் உறுதி செய்து, முனைகளின் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, கீழே உள்ள கிளிப்பைத் தட்டையான ஸ்க்ரூடிரைவரால் இழுத்தால் எம்.சி.பி. கழன்றுவிடும். வரிசையின் ஓரத்தில் உள்ளதை மட்டும் கழற்றினால் போதும் என்று நினைப்பது தப்பு. ஓரத்தில் உள்ளதுதான் பிறகு சேர்த்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். மெயினுக்கு அடுத்ததையும் ஓரத்தில் உள்ளதையும் இரண்டையுமே பாருங்கள். இரண்டின் தேதியும் ஒன்றானால் பெட்டி பெரும்பாலும் ஒரே சமயத்தில் கட்டியது.

பேட்ச் எண்ணை எப்படிப் படிப்பது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நான்கு இலக்கத்தைப் பார்த்ததும் முதல் இரண்டு ஆண்டு, அடுத்த இரண்டு வாரம் என்று ஊகிக்க வேண்டாம். படத்தைக் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்பினால் சொல்லிவிடுவார்கள்.

காகிதமும் ஸ்டிக்கரும்

பெட்டியின் உள்கதவில் கான்ட்ராக்டர் அல்லது கடையின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அது பொக்கிஷம். முகவரியில் மெட்ராஸ் என்றிருந்தால் பெரும்பாலும் 1996-க்கு முன். ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972-க்குப் பின். பழைய பில் கிடைத்தால் வரிப் பதிவு எண்ணைப் பாருங்கள்: டின் எண் இருந்தால் தமிழ்நாட்டில் வாட் வந்த 2007-க்குப் பின், ஜி.எஸ்.டி. எண் இருந்தால் 2017 ஜூலைக்குப் பின். தேதி அழிந்த பில்லுக்கும் இந்த வழி பலிக்கும்.

இ.பி. வெள்ளை அட்டையும் உதவும், ஓரளவுக்கு. மின்சார வாரியம் 1957-இல் அமைந்தது. 2010 நவம்பரில் அது பிரிந்து உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகம் தனியாக வந்தது. அட்டையில் எந்தப் பெயர் என்று பார்த்தால் அந்த அட்டையின் காலம் தெரியும். அவ்வளவுதான். அட்டை தீர்ந்தால் புதிது தருவார்கள், மீட்டரை வாரியமே மாற்றும், பெட்டியோ நகராது. இணைப்பு வாங்கியபோது கொடுத்த ஒயரிங் டெஸ்ட் ரிப்போர்ட் நகல் வீட்டு உரிமையாளரிடம் இருந்தால், ஒயரின் பிறந்த தேதிக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. வீடு கைமாறும்போது பத்திரத்தோடு சேர்த்து இதையும் கேட்டு வாங்குங்கள்.

ஒயரே சொல்லும் வயது

முன் தகட்டைக் கழற்றியதும் எலெக்ட்ரீஷியனின் கண் எம்.சி.பி.யில் நிற்கும். உங்கள் கண் அதற்குக் கீழே, பைப்பிலிருந்து வெளிவரும் ஒயரில் நிற்கட்டும்.

பருத்தி நூல் பின்னிய ரப்பர் ஒயர் என்றால் பி.வி.சி.க்கு முந்தைய தலைமுறை. ரீப்பர் கட்டையில் கிளிப் அடித்து ஓடிய காலத்து ஒயர் அது. ரப்பர் காய்ந்து, வளைத்தால் பொடியாக உதிரும். அதைத் தொட்டு அசைப்பதே ஆபத்து. அங்கே விவாதம் முடிந்தது: முழு ரீ-ஒயரிங் தவிர வேறு வழியில்லை.

வெள்ளிபோல் வெளுத்த ஒற்றைக் கம்பி என்றால் அலுமினியம். தாமிரம் கிடைப்பது அரிதாக இருந்த 1970, 80-களின் வீடுகளில் இது நிறைய உண்டு. அலுமினியம் ஸ்க்ரூவின் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கி விலகும். இணைப்பு தளரும், சூடேறும், மேற்பரப்பில் ஆக்ஸைடு படிந்து இன்னும் சூடேறும். எம்.சி.பி.யின் முனையருகே பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

செம்பில் இழைகளை எண்ணுங்கள். மூன்று தடித்த இழை என்றால் 3/20 அல்லது 3/22. ஏழு என்றால் 7/20 அல்லது 7/22. இது பழைய கேஜ் கணக்கு: முதல் எண் இழைகள், அடுத்தது இழையின் தடிமனுக்கான கேஜ் எண். 3/20 ஏறக்குறைய 2 சதுர மி.மீ.; 3/22 ஏறக்குறைய 1.2, 7/20 ஏறக்குறைய 4.6. இன்றைய வளையும் ஒயரில் 0.3 மி.மீ. இழைகள் 22 இருந்தால் 1.5 சதுர மி.மீ., 36 இருந்தால் 2.5, 56 இருந்தால் 4. கடைக்காரரும் எலெக்ட்ரீஷியனும் இன்றைக்கும் வாய்ப்பழக்கத்தில் ‘மூணு இருபது’ என்பார்கள், அதனால் சொல்லை வைத்து வயது கணிக்காதீர்கள். பி.வி.சி. தோலின் மேல் அச்சு இருக்கும்: கம்பெனி, அளவு, ஐ.எஸ். 694. சில கம்பெனிகள் ஆண்டையும் அச்சிடும். டார்ச்சைச் சாய்வாக அடித்தால் தேய்ந்த அச்சும் தெரியும்.

கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற ஒயரும் உள்ளே செத்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க மெக்கர் (ஒயரின் உறை கசிகிறதா என்று அளக்கும் கருவி) வேண்டும். டி.வி., ஃபேன் ரெகுலேட்டர், எல்.இ.டி. பல்பு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் 500 வோல்ட் டி.சி.யில் பேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் இரண்டையும் அளக்கச் சொல்லுங்கள். 1 மெகாஓமுக்குக் குறைந்தால் அந்தச் சுற்றை நம்ப முடியாது. அளவை மழைக்காலத்தில் எடுத்தால் உண்மை தெரியும். மே மாத வெயிலில் ஓதச் சுவரும் நல்ல பிள்ளையாக நடிக்கும்.

இனி முடிவு: வைத்துக்கொள்வதா, உள்ளே மட்டும் மாற்றுவதா, பெட்டியையே மாற்றுவதா

பீங்கான் பியூஸ் கட்டையோடு இருக்கும் பலகையை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. 5 ஆம்பியருக்கு 0.2 மி.மீ., 15 ஆம்பியருக்கு 0.5 மி.மீ. தகரம் பூசிய செம்புக் கம்பி கட்டியிருந்தாலே, அது எரிய ஏறக்குறைய இரண்டு மடங்கு ஓட்டம் வேண்டும். எம்.சி.பி. 1.45 மடங்குக்குள் விழுந்துவிடும். நடைமுறையில் யார் வீட்டிலும் அளந்த கம்பி இல்லை. கையில் கிடைத்த ஒயரின் இழைதான் கட்டையில் இருக்கும். அதைவிட மோசமானது நியூட்ரலிலும் பியூஸ் கட்டை இருப்பது. நியூட்ரல் பியூஸ் போனால் விளக்கு அணையும், கரண்ட் இல்லை என்று கை வைப்பார்கள், பேஸ் அப்படியே இருக்கும். மூன்று பேஸ் வீட்டில் பொது நியூட்ரல் அறுந்தாலோ, ஒரு பேஸின் சாமான்களுக்கு 400 வோல்ட்டுக்கு அருகில் வரை ஏறி எல்லாம் எரியும். நியூட்ரலில் தனி பியூஸ் கூடாது என்பது 1956 மின்சார விதிகளிலேயே உள்ளது. இப்படிப் பார்த்தால் வயது ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு உடனே மாற்றுங்கள்.

பெட்டி நல்ல நிலையில் இருந்து, எம்.சி.பி.கள் ஐ.எஸ். 8828 காலத்தவை என்றால், உள்ளே இருப்பதை மட்டும் மாற்றுவது சிக்கனமாகத் தெரியும். இங்கேதான் கம்பெனி பெயர் முக்கியமாகிறது. எல்லா எம்.சி.பி.யும் 35 மி.மீ. ரயிலில் உட்காரும், ஒரு போலுக்கு (துண்டிக்கும் ஒரு ஒயருக்கு) 18 மி.மீ. அகலம்தான். ஆனால் பஸ்பார் (எல்லா எம்.சி.பி.க்கும் மின்சாரத்தைப் பகிரும் உலோகப் பட்டை) நுழையும் வாயின் உயரம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு கம்பெனியின் சீப்பு பஸ்பாரில் இன்னொரு கம்பெனியின் எம்.சி.பி.யைச் சொருகினால் ஒரு பல் பிடிக்கும், பக்கத்துப் பல் ஸ்க்ரூவுக்கு வெளியே நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஏ.சி. ஓடும் ஒரு கோடையில் அது கருகும். ஆகவே பஸ்பாரோடு சேர்த்து எல்லாவற்றையும் ஒரே கம்பெனியாக மாற்றுங்கள், அல்லது அதே கம்பெனி, அதே வரிசை மாடல் கிடைத்தால் மட்டும் ஒன்றை மாற்றுங்கள். கடையில் ‘எதுவும் பொருந்தும் சார்’ என்பார்கள். ரயிலுக்குப் பொருந்தும், பஸ்பாருக்கு அல்ல.

பெட்டியில் எர்த் ஒயர்களைச் சேர்க்கும் எர்த் பார் இல்லை, காலி வழி (எம்.சி.பி. மாட்டும் இடம்) ஒன்றுகூட இல்லை, துரு ஏறியிருக்கிறது என்றால் புதுப் பெட்டியே சரி. உள்ளே மட்டும் மாற்றுவதற்கும் இதற்கும் கூலியில் பெரிய வித்தியாசம் வராது. சுவர் வெட்டிப் பூசுவதுதான் கூடுதல். இன்றைய தேவையைவிட நான்கு வழியாவது அதிகமாக வாங்குங்கள்.

புதுப் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டதும் பழைய வீடுகளில் அது நிற்காமல் விழும். பொருள் கெட்டது என்று திருப்பிக் கொடுக்காதீர்கள். 15-க்கும் 30-க்கும் நடுவில் எங்கேயும் விழ அதற்கு உரிமை உண்டு. ஓதச் சுவரில் ஐந்தாறு சுற்றும் கொஞ்சம் கொஞ்சம் கசிந்தாலே போதும். இன்னொரு காரணம் தமிழ்நாட்டு வீடுகளுக்கே உரியது: கீழ்த்தளம், மாடி போர்ஷன் என இரண்டு சர்வீஸ் இருக்கும், மாடிப்படி விளக்குக்குப் பேஸ் ஒரு மீட்டரிலிருந்தும் நியூட்ரல் இன்னொன்றிலிருந்தும் எடுத்திருப்பார்கள். அந்த விளக்கைப் போட்ட நொடியில் ஆர்.சி.சி.பி. விழும். கோளாறு ஒயரிங்கில் இருக்கிறது, ஆர்.சி.சி.பி. அதைக் காட்டிக்கொடுக்கிறது. அதன் டெஸ்ட் பட்டன் எர்த்தே இல்லாத வீட்டிலும் வேலை செய்யும் என்பதையும் நினைவில் வையுங்கள். பட்டன் அமுக்கி விழுந்தால் கருவி நன்றாக இருக்கிறது என்று மட்டுமே அர்த்தம், எர்த் இருக்கிறது என்று அல்ல.

மிகத் தவறான சேர்க்கை ஒன்று உண்டு: புதுப் பெட்டி, பழைய அலுமினிய ஒயர், ‘அடிக்கடி விழுகிறது’ என்பதற்காக ஏற்றிப் போட்ட 20 அல்லது 32 ஆம்பியர் எம்.சி.பி. பளபளக்கும் கதவு உள்ளே இருக்கும் தீயை மறைக்கிறது. 1.5 சதுர மி.மீ. செம்புக்கு 10 ஆம்பியர், 2.5-க்கு 16, ஏ.சி.க்கான 4-க்கு 20 அல்லது 25 என்று வைத்தால் பாதுகாப்பு. அதே அளவு அலுமினியத்துக்கு அதையும் குறைக்க வேண்டும். ஒயரின் வயதும் அளவும் தெரியாத சுற்றுக்கு 6 ஆம்பியர் போட்டு விளக்கு, ஃபேன் மட்டும் ஓட்டுங்கள். பவர் பிளக்கிற்குப் புது ஒயர் தனியாக இழுங்கள். முழு ரீ-ஒயரிங்குக்குப் பணம் இல்லாத வீட்டில் சமையலறை, ஏ.சி., கீசர் மூன்றையும் மட்டும் பெட்டியிலிருந்து புதிதாக இழுத்துவிட்டு மற்றதை அடுத்த வருடத்துக்குத் தள்ளலாம். இந்த வரிசையை மாற்றிப் பெட்டியை முதலில் மாற்றுவது, ஆபத்தை அப்படியே வைத்துக்கொண்டு பணத்தைச் செலவழிப்பது.

வேலை முடிந்த அன்று, எம்.சி.பி. வந்த அட்டைப் பெட்டிகளைக் குப்பையில் போட விடாதீர்கள். தயாரிப்பு மாதமும் உரிம எண்ணும் அச்சிட்ட பக்கத்தை வெட்டி, எந்த வழி எந்த அறைக்கு, எந்த அளவு ஒயர், மெக்கர் அளவு எவ்வளவு, எந்தத் தேதி என்று எழுதிய தாளோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு உள்கதவில் ஒட்டச் சொல்லுங்கள்.